பொட்டு வைத்த பல்பு

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. மீன்காரர் மீனைத் திருப்பிக் காட்டினால், திருப்புவதற்கு முன் மேலே இருந்த பக்கத்தில் என்ன கோளாறு என்று யோசிப்பேன். கப்பலில் மலாயாவுக்கு வந்தபோது அத்தனை நாளும் டிரங்குப் பெட்டியின் மேல்தான் தலை வைத்துப் படுத்தேன். அதற்குள் நாலு புடவையும் ஒரு வெண்கலக் கரண்டியும்தான் இருந்தன. என் வீட்டுக்காரர் என்னை 'சி.ஐ.டி.' என்றுதான் கூப்பிடுவார். வெளியாட்கள் இருந்தால் மட்டும் பெயரைச் சொல்லுவார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருகிற வருஷம் அது. ஊரெல்லாம் அதே பேச்சு. எனக்கு அது கோழிக்குஞ்சு வருஷம்.

மலாக்காவில் காஜா பேராங்கில், செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பை ஒட்டி ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பெரிய ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெசர். நான் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அரிசி, மீன், எவ்வளவு, வேண்டாம் என்கிற அளவுக்கு மலாய் பழகியிருந்தேன். மற்றதற்கெல்லாம் கையும் கண்ணும்தான்.

அந்த மாசி மாதம் எனக்குக் கரு தங்கவில்லை. மூன்று மாதம். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை, உஜோங் பாசிரில் இருந்த என் நாத்தனாரைத் தவிர. நான் போட்ட கீரை முளைக்கவில்லை, நான் உறை ஊற்றிய தயிர் உறையவில்லை, இப்போது இதுவும். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, எனக்குக் கைராசி இல்லை என்று சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சமையலுக்கு உப்புப் பற்றவில்லை என்பது போலச் சொன்னார். அதனால்தான் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கீரைப் பாத்தியைக் கடக்கும்போதெல்லாம் என் கையை நானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வேன்.

கோழிக்குஞ்சு வாங்கலாம் என்றது நான்தான். எதையாவது உயிரோடு வளர்த்துக் காட்ட வேண்டும் என்ற வெறி. அவர் மறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் இருபது குஞ்சுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பொரித்து ஒரு நாள்தான் ஆகிறது என்று அந்தச் சீனக் கடைக்காரர் சொன்னாராம். எனக்கு அதிலும் சந்தேகம். ஒவ்வொன்றாக எடுத்துக் கொப்பூழ் காய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். மஞ்சள் பஞ்சுக்குள் நெஞ்சு மட்டும் என் விரலில் அடித்தது. அப்போது எனக்கு அழுகை வந்தது.

தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்குச் சூடுதான் தாய். பால் டின்கள் வந்த பலகைப் பெட்டி ஒன்றைச் சமையலறை மூலையில் வைத்தோம். அடியில் செய்தித்தாள், அதன் மேல் மரத்தூள், மேலே கம்பி வலை, வலையின் மேல் பாதிக்குக் கோணி. பெட்டிக்குக் குறுக்கே ஒரு குச்சி. குச்சியிலிருந்து பல்பு தொங்கும். சாண் இடைவெளியில் சணல் கயிற்றில் அவர் முடிச்சுகள் போட்டார். முதல் வாரம் பல்பு கீழ் முடிச்சில். குஞ்சு வளர வளர, வாரம் ஒரு முடிச்சாக மேலே ஏற்ற வேண்டும். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில மாசம் பத்தாம பொறக்குற பிள்ளைங்களுக்கு இப்படித்தான்..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார். வயரைச் சுவரில் ஆணி அடித்துப் பொருத்த ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

பல்பு புதிது. ஒரு மாதத்துக்குள் போய்விட்டால் மாற்றித் தருவேன் என்று பல்பு விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார். அப்புறம் இது என் கடைப் பல்பே இல்லை என்று சொல்லமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? என் சாந்துக் குப்பியை எடுத்து, பல்பின் பித்தளை மூடியில் ஒரு பொட்டு வைத்தேன். காய்ந்த பிறகு தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. அவர் சிரித்துச் சிரித்து இருமினார். பல்புக்குக் கல்யாணமாகிவிட்டது, இனி யாரும் தொட முடியாது என்றார்.

குஞ்சுகளைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடலாம். குளிர்ந்தால் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கத்தும். அடியில் அகப்பட்டது நசுங்கும். சூடு கூடினால் ஓரங்களில் ஒதுங்கி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். சரியாக இருந்தால் பெட்டி முழுக்கப் பரவிப் படுத்துக்கொண்டு, தூக்கத்தில் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பைக் கேட்கத்தான் நான் பெட்டியின் பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டேன்.

இப்போது பக்கத்து வீட்டம்மாவைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் செம்பருத்தி வேலி. தனியாக இருந்தார், ஐம்பது வயது இருக்கும். இதை எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன். நான் சொல்லப்போகிற அந்த இரண்டு மாதமும் என் மனதில் அவர் 'அவள்'தான்.

சாரோங், கெபாயாச் சட்டை, கொண்டையில் ஊசி. நெற்றியில் பளிச்சென்று விபூதி. வீட்டுக்கூடத்தில் முருகன் படம். குடிவந்த முதல் நாள் அந்த விபூதியைப் பார்த்ததும், அப்பாடா பேச ஓர் ஆள் கிடைத்தது என்று வேலியோரம் நின்று கால் மணி நேரம் பேசினேன். ஊர், கப்பல், வயிற்றுப் புரட்டல் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தலையைச் சாய்த்துப் புன்னகையோடு கேட்டுவிட்டு, தெரியாது என்று மலாயில் சொன்னார்.

நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு தமிழ் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? என் வீட்டுக்காரர் விளக்கினார். அந்த அம்மா மலாக்காச் செட்டி; அவர்களின் முன்னோர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டார்களாம். சாமி தங்கிவிட்டது, பாஷை போய்விட்டது. இதையெல்லாம் நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். ஏனென்றால் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டது 'தங்காச்சி' என்று. தங்காச்சி தெரிந்த வாய்க்கு மற்றது தெரியாதா? எல்லாம் புரிந்துகொண்டு புரியாதது போல இருக்கிறார், நம் வீட்டுப் பேச்சை வேலியோரம் நின்று கேட்கிறார் என்று முடிவு கட்டினேன். கரு கலைந்த வாரம் நான் அந்தப் பக்கம் ஜன்னலைத் திறக்கவே இல்லை.

குஞ்சுகள் வந்த மூன்றாம் நாள் அவர் பார்க்க வந்தார். கூப்பிடாமல் வந்தார். வலைக்குள் உள்ளங்கையை நீட்டி, பல்புக்குக் கீழே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "பானாஸ், தங்காச்சி" என்றார். சூடு என்று எனக்குப் புரிந்தது. பிறகு என்னைக் கேட்காமலே கயிற்றைப் பிடித்து, பல்பை ஒரு முடிச்சு மேலே ஏற்றிவிட்டார். அதோடு விடாமல், விரலை நீட்டி நீட்டி ஒன்று, இரண்டு என்று இருபது வரை எண்ணினார். கண் பட்டுவிடாதா? யாராவது அடுத்தவர் வீட்டுக் குஞ்சை விரல் நீட்டி எண்ணுவார்களா?

அவர் போனதும் பல்பைப் பழைய முடிச்சுக்கே இறக்கினேன். குஞ்சுகள் ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்தன. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மறுபடி ஒரு முடிச்சு ஏற்றினேன். பரவிப் படுத்துக்கொண்டன. அவர் சொன்னது சரி என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. உப்பும் மிளகாயும் எடுத்துப் பெட்டிக்கு மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டேன்.

ஐந்தாம் நாள் உஜோங் பாசிரில் நாத்தனாரின் குழந்தைக்கு முப்பதாம் நாள். போகாமல் இருக்க முடியாது. குழந்தையைப் பார்க்க வயிறு எரிந்து வரவில்லை என்பார்கள். என் வீட்டுக்காரருக்குக் காலை வேலை, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே வருவதாகச் சொல்லியிருந்தார். குஞ்சுகளைத் தனியாக விட்டுப் போகவும் மனமில்லை. பல்பு ஒரு மணி நேரம் இல்லாவிட்டாலும் அந்த வயதுக் குஞ்சுக்கு ஆபத்து. வேறு வழியில்லாமல் வேலியோரம் போய், சைகையும் நாலு மலாய்ச் சொல்லுமாக, லாம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னேன். எங்கள் ஊரிலும் லாம்பு என்றால் லாம்புதானே, அந்த ஒரு சொல் சுலபமாக இருந்தது. அவர் தலையாட்டினார். சமையலறைப் பின்கதவின் சாவியை மட்டும் கொடுத்தேன். உள் அறைகளைப் பூட்டி அந்தச் சாவிகளை இடுப்பில் செருகிக்கொண்டேன். கிளம்பும் முன் ஒரு முறை எண்ணினேன், இருபது.

பஸ்ஸில் போகும்போதே வானம் கறுத்தது. சுமத்ரா காற்று என்று இங்கே சொல்வார்கள். நீரிணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காலை வேளையில் திடீரென்று கிளம்பி வந்து, ஒரு மணி நேரம் ஊரைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போகும். உஜோங் பாசிரில் இறங்கியபோது கடல் தார் நிறத்தில் இருந்தது. முழங்கை வரை சிலிர்த்தது. என் நினைப்பெல்லாம் சமையலறை மூலையில்.

நாத்தனார் குழந்தையை என் மடியில் வைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் மடியில் வைத்தார். பிறகு, எல்லாரும் கேட்க, குஞ்சுகளை விசாரித்தார்.

"இன்னும் உசுரோட இருக்கா?"

இருபதும் இருக்கிறது என்றேன். இலை போடும் முன்பே, தலைவலி என்று சொல்லிவிட்டு, மழையோடு மழையாகத் திரிஷா பிடித்து வீட்டுக்குத் திரும்பினேன். என் வீட்டுக்காரர் அதுவரை அங்கே வந்திருக்கவில்லை.

பின்கதவு திறந்திருந்தது. மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டம்மா பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். சாரோங் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. ஒரு செய்தித்தாளின் மேல் ஏழு குஞ்சுகள் வரிசையாகக் கிடந்தன. காலை விறைத்து நீட்டிக்கொண்டு, கழுத்து நீண்டு. பல்பு எரிந்துகொண்டிருந்தது.

நான் வாசலிலேயே நிற்கும்போது அவர் கெபாயாவுக்கு மேல் சுற்றியிருந்த துணிக்குள் கையை விட்டார். உள்ளேயிருந்து ஒரு குஞ்சை எடுத்தார். பிறகு இன்னொன்று. என் குஞ்சுகள், அவர் மடியில்.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். "லாம்பு மாத்தி, தங்காச்சி" என்றார். கையால் பல்பைக் காட்டி மறுபடியும், "லாம்பு மாத்தி." அப்புறம் மலாயில் மடமடவென்று ஏதோ சொன்னார். மழைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் எனக்கு இருக்கவில்லை. லாம்பு மாத்தி. தமிழ். சுத்தமான பேச்சுத் தமிழ். இத்தனை நாள் தெரியாது தெரியாது என்று நடித்த வாயிலிருந்து வந்தேவிட்டது.

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றிப் பித்தளை மூடியைப் பார்த்தேன். பொட்டு இல்லை. பழைய பல்பு, கண்ணாடியின் உள்பக்கம் புகை படிந்திருந்தது. என் புதுப் பல்பை எடுத்துக்கொண்டு தன் பழைய பல்பை மாட்டியிருக்கிறாள். மாட்டுகிற நேரத்தில் குளிரில் ஏழு செத்திருக்கிறது. போதாததற்கு மடியில் குஞ்சு. எல்லாம் கணக்காகப் பொருந்தியது.

நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. வாயைத் திறந்தபோது என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

"திருடி" என்றேன். பின்கதவைக் காட்டி இன்னொரு தடவையும் சொன்னேன். "நீ திருடி."

அவர் என் முகத்தையே பார்த்தார். கையிலிருந்த இரண்டு குஞ்சுகளையும் பெட்டிக்குள் மெதுவாக விட்டார். சாவியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, மழையில் இறங்கி நடந்தார். நான் பல்பை மறுபடி மாட்டி, மிச்சத்தை எண்ணினேன். பதின்மூன்று.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பல்புக்காகவா அந்த அம்மா இப்படிச் செய்வார் என்றார். அவளே ஒத்துக்கொண்டாள் என்றேன்.

"தமிழ்லயா சொன்னாங்க? அவங்களுக்குத்தான் தமிழ் தெரியாதேலா."

"தெரியும். நடிப்பு. நான்தான் அப்பவே சொன்னேனே."

போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் செருப்பை மாட்டினார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். கேட்டால் இல்லை என்று சாதிப்பாள், வீண் சண்டை, அக்கம்பக்கத்தில் அசிங்கம் என்று என்னென்னவோ சொன்னேன். உண்மையான காரணம் வேறு. போய்க் கேட்டு, அவள் எடுக்கவில்லை என்று ஆகிவிட்டால், அந்த ஏழையும் கொன்றது யார்? அதற்கு ஒரே ஒரு பதில்தான் மிச்சம் இருந்தது. அந்தப் பதில் என் மணிக்கட்டுக்குக் கீழே, ராசியில்லாத இந்தக் கையில் இருந்தது. அதைவிடப் பக்கத்து வீட்டில் ஒரு திருடி இருப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வாரம் நாத்தனார் வந்தபோது, திருட்டுக் கதையைக் கையும் காலும் வைத்துச் சொன்னேன். அவர் 'ச்சூ' கொட்டினார். கைராசி பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இதை இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதன் பிறகு இரண்டு மாதம் நான் அந்த வீட்டைக் கண்காணித்தேன். வேறு வார்த்தை இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் பார்த்தால் அவர் வீட்டு முன்கூடம் இருட்டாக இருக்கும். மூலையில் ஓர் எண்ணெய் விளக்கு மட்டும் முணுக்முணுக்கென்று எரியும். முன்பெல்லாம் அங்கே கரண்டு விளக்கு எரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். இருட்டில் உட்கார்ந்துகொண்டு நம்மை வேவு பார்க்கிறாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் என் பல்பை மாட்டினால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்ற பயம். புதுப் பல்பைத் திருடியும் எரிக்க முடியவில்லை பார் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட.

குஞ்சுகள் தேறின. வாரம் ஒரு முடிச்சு ஏற்றினேன். அந்தப் பழைய பல்பு புகை படிந்த முகத்தோடு விடாமல் எரிந்தது. நாலாம் வாரம் இறகு முளைத்ததும் பல்பை நிறுத்திவிட்டு, குஞ்சுகளைக் கொல்லையில் மேயவிட்டேன். பல்பைக் கழற்றிப் பெட்டிக்குள்ளேயே போட்டு வைத்தேன். சாட்சிப் பொருள் இல்லையா?

ஒரு நாள் காலையில் செம்பருத்தி வேலிக்கு இந்தப் பக்கம், எங்கள் மண்ணில், ஒரு பிடி நொய்யரிசி சிதறிக் கிடந்தது. குஞ்சுகள் ஓடிப் பொறுக்கின. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரட்டி விரட்டிக் கூண்டில் அடைத்துவிட்டு, அரிசியைப் பெருக்கி அள்ளிச் சாக்கடையில் கொட்டினேன். மருந்தா, மந்திரமா, என் குஞ்சை அந்தப் பக்கம் பழக்கி இழுக்கிற வேலையா என்று அன்றைக்கு முழுக்க மண்டையைக் குடைந்தது. மறுநாளும் கிடந்தது. அதற்கு மறுநாளும். தினம் பெருக்கினேன். பெருக்கும் முன்னே குஞ்சுகள் தின்றுவிட்ட நாட்களும் உண்டு. ஒன்றுகூடச் சாகவில்லை. மெதுவாகக் கொல்லும் மருந்து போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்துவிட்டால் எதையும் அதற்குத் தகுந்தபடி வளைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்டு கடைசியில் சுதந்திரம் வந்தது. டவுனில் கடைத்தெரு முழுக்கக் கொடியும் தோரணமும். கடைக்குக் கடை சிவப்பும் பச்சையுமாகச் சரம்சரமாகப் பல்புகள். பொழுது சாயும்போது என் வீட்டுக்காரர் என்னைச் சைக்கிளில் உட்கார வைத்து அழைத்துப் போனார். அவ்வளவு கூட்டத்தை நான் கப்பல் துறையில்கூடப் பார்த்ததில்லை. பர்ஸை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். விளக்குச் சரங்களை அண்ணாந்து பார்த்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போது படக்கென்று தெருவில் ஒரு பக்கம் முழுக்க விளக்குகள் போய்விட்டன. உடனே நாலா பக்கமும் சிரிப்பும் கூச்சலும். மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள் எல்லாருமே ஒரே மாதிரி கத்தினார்கள்.

"மாத்தி! லாம்பு மாத்தி!"

நான் அவர் சட்டையை இழுத்தேன். "யார் மாத்துனாங்க? எதுக்கு எல்லாரும் லாம்பு மாத்தி லாம்பு மாத்திங்குறாங்க?"

அவர் சிரித்தார். "மாத்துறது இல்லலா. மாத்தின்னா செத்துப் போச்சுன்னு அர்த்தம். லாம்பு அணைஞ்சு போச்சுன்னு சொல்றாங்க."

"லாம்பு எப்படிச் சாகும்?"

மலாயில் ஆள் செத்தாலும் மாத்திதான், லாம்பு அணைந்தாலும் மாத்திதான், கடிகாரம் நின்றாலும் மாத்திதான் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் வீட்டில் சாமி விளக்கு அணைந்தால் அணைந்தது என்றுகூடச் சொல்லமாட்டோம், மலையேறிவிட்டது என்போம். விளக்கையும் சாவையும் ஒரே மூச்சில் சொன்னால் அம்மா வாயில் போடுவாள். அப்படி வளர்ந்த காதில் வேறு எப்படி விழும்? அவர் பேச்சு பாதியில் நின்றது. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

விளக்குகள் மறுபடி வந்தன. கூட்டம் ஆரவாரித்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பழைய பல்பை எடுத்துத் துடைத்தேன். வளர்ந்த பதின்மூன்றில் நல்ல பெட்டையாக ஒன்றைப் பிடித்துக் காலைக் கட்டினேன். கூட வருகிறேன் என்றார் என் வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன். முதல் முறையாக வேலியைச் சுற்றிக்கொண்டு அவர் வீட்டு முன்வாசல் வழியாகப் போனேன்.

பகலிலும் அந்தக் கூடம் இருட்டாக இருந்தது. முருகன் படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு. கூடத்தின் நடுவில் கூரையிலிருந்து ஒரு வயர் தொங்கியது. அதன் நுனியில் பல்பு மாட்டும் இடம் காலியாக இருந்தது. அந்த வீட்டில் கரண்டு விளக்கே அந்த ஒன்றுதான். அதைக் கழற்றிக்கொண்டுதான் அன்றைக்கு மழையில் ஓடி வந்திருக்கிறார்.

சுளகில் நொய் புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. நொய் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம். வேலியோரம் தினமும் கிடந்தது அதுதான். என்மேல்தான் அவருக்குக் கோபம், குஞ்சுகள்மேல் இல்லை. நான் பல்பை நீட்டினேன். வாங்கி, ஒரு முக்காலியின் மேல் ஏறி, மாட்டி, சுவிட்சைப் போட்டார். கூடம் வெளிச்சமானது.

"ஹீடோப்" என்றார், பல்பிடமே சொல்வது போல. உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குள் அதை நான் என் வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்திருந்தேன்.

வேறு பல்பு வாங்கி மாட்டிக்கொள்ள அவரால் முடியாமல் இல்லை. எடுத்துப் போன இடத்திலிருந்து அது என் கையாலேயே திரும்பி வரட்டும் என்று இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பிறகு முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். செய்தித்தாளைப் பிரித்து, உள்ளே இருந்ததை என் உள்ளங்கையில் வைத்தார். பல்பு. பித்தளை மூடியில் என் சாந்துப் பொட்டு அப்படியே இருந்தது. காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே அறுந்த கம்பி கிணுங்கியது. தன் வீட்டு வயரில் மாட்டியாவது எரிகிறதா என்று பார்க்கத்தான் அன்றைக்கு எடுத்துப் போயிருக்கிறார். எரியவில்லை. உடனே தன்னுடையதைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அதற்குள் ஏழு போய்விட்டது. மடியில் வைத்துச் சூடு கொடுத்தவை பிழைத்தன. பதின்மூன்றும் பிழைத்தது அவர் கைராசி. என் கைக்கு ராசி உண்டா இல்லையா என்கிற கேள்வி அந்த இடத்தில் எனக்கு மறந்தே போய்விட்டது.

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். தமிழில்தான் வந்தது. அதற்கு மலாயில் என்ன என்று கேட்டுக்கொண்டு வரவில்லை. சி.ஐ.டி.யான நான் அதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் என் வாயைப் பார்த்தார், புரியவில்லை என்று தெரிந்தது. அவருக்கு நிஜமாகவே தமிழ் தெரியாது. தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம் போல அவ்வளவு தெளிவாக அவர் முகத்தில் எழுதியிருந்தது.

கோழியை வாங்கித் தரையில் விட்டு, கால் கட்டை அவிழ்த்தார். அது நேராக நொய்யிடம் போனது. அதைப் பார்த்தபடியே, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"சாயா புக்கான் திருடி."

நான் திருடி இல்லை என்று அர்த்தம். அன்றைக்கே, அந்த ஈரச் சாரோங்கோடு கோயிலுக்குப் போய், திருடி என்றால் என்ன என்று தமிழ் தெரிந்த பண்டாரத்திடம் கேட்டாராம். பிற்பாடு பண்டாரமே எனக்குச் சொன்னார்.

தங்காச்சி அவர் பரம்பரையில் வந்த சொல். நான் அவருக்குக் கற்றுக்கொடுத்த தமிழ் 'திருடி' ஒன்றுதான்.